இடமுறுக்குப் பல்பு

எங்கள் பெண் குழந்தை ஒன்றேகால் வயது வரை தன் அப்பாவைக் கண்டால் அழுதாள். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. என் கணவர் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பம்பாய், நாக்பூர் என்று கிளம்பிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வரும்போது தாடியோடு வருவார். குழந்தை அலறும். தாடியை மழித்துக்கொண்டு வருவார். வேறு யாரோ புதிதாக வந்துவிட்டார் என்று மறுபடியும் அலறும். கொஞ்சம் பழகி, அவர் விரலைப் பிடிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் அடுத்த லோடு ஏறிவிடும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். குழந்தை வளர்ப்பைப் பற்றி வாரப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். தகப்பனைத் தெரியாமல் வளரும் குழந்தைக்கு என்னென்ன ஆகும் என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். முழுவதும் படிக்கத் தைரியம் இல்லாமல் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு, கடைசியில் அதற்கு வழி ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று தவித்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அந்த வழி தானாகவே வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தாமலில் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவருக்குத் தினமும் மெட்ராசுக்கு அரிசி ஏற்றிப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. காலையில் போய்விட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். தினமும் வீட்டுச் சாப்பாடு, தினமும் அப்பா. மில்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓடத் தகுதியானது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கொடுக்கும் சான்றிதழ், அதாவது எஃப்.சி., கையில் இருக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை எஃப்.சி.யோட வா. இல்லனா சொல்லிடுப்பா, வேற வண்டி காத்துக்கினு இருக்குது" என்றாராம்.

என் கணவர் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினார். பிரேக், ஹாரன், டயர் எல்லாம் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர், "லெஃப்ட் சிக்னல் போடு" என்றிருக்கிறார். இவர் வழக்கம்போல் கிளீனரைப் பார்த்தார். கிளீனர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

"நான் கையைக் கேக்கல, விளக்கைக் கேட்டேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று விளக்குகள் இருக்கத்தான் இருந்தன. ஆனால் இரண்டு கறுத்துப்போயிருந்தன, ஒன்று நினைத்தால் எரியும், இன்னொன்றில் பல்பே இல்லை. நாலையும் மாற்றிக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

மறுநாள், புதன்கிழமை காலையில் என் கணவருக்குக் கண் திறக்கவில்லை. மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி கிட்டேருந்து எனக்கு ஒட்டிக்கிச்சு" என்றார் அவர், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு. கிளீனர் வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமலேயே நலம் விசாரித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். என் மாமியார் குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையை என்னிடம் நீட்டி, கண்ணில் விடத் தாய்ப்பால் கொஞ்சம் கேட்டார். மறுக்க முடியுமா? தனக்குச் சேர வேண்டியது அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரருக்குப் போவதைக் குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. இருந்த கொஞ்ச நஞ்ச உறவும் அன்றோடு போயிற்று.

ஆகவே பல்பு வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவர் பாயில் படுத்தபடியே எனக்குப் பாடம் எடுத்தார்.

"வோல்ட் எவ்ளோ?"

"இருபத்துநாலு."

"ஏன்?"

"வண்டியில ரெண்டு பேட்டரி."

"வாட்?"

"இருபத்தொண்ணு."

"அடியில?"

"ஒத்தைப் பாயிண்ட். ரெண்டு பாயிண்ட் இருந்தா அது பின்னாடி பிரேக் லைட்டுக்கு. வாங்கக் கூடாது."

வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மோட்டார் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நான் இருபத்துநாலு என்று ஆரம்பித்ததும், "இன்னாம்மா, லாரி நீதான் ஓட்றியா?" என்று கேட்டார். ஆனாலும் சரியான பல்பைத்தான் கொடுத்தார். பித்தளை அடியில் பொறித்திருந்த எண்களைப் படித்துப் பார்த்தேன். அடியில் ஒரே ஓர் ஈயப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். வெளியே வந்து, திரும்பி உள்ளே போய், இன்னொரு தடவை பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. நாலு பல்புகளையும் குழந்தையின் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பரீட்சையில் தேறியவள் போல வீட்டுக்கு வந்தேன்.

அங்கே என் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பட்டு முறுக்குகிற வேலை. இழை எத்தனை சேர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பார்ப்பதற்குச் சின்ன பூதக்கண்ணாடி ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். மகன் பட்டு வேலையை விட்டு லாரி வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது வாசலில் நின்றால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். தெருவில் யாராவது கேட்டால், "அது எவனோ நிறுத்திக்கினு போனது" என்பார்.

அன்று என்ன தோன்றியதோ, "இன்னாம்மா அது?" என்று கை நீட்டினார்.

ஒரு பல்பை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வந்தது. பல்புக்குள் இருக்கும் கம்பி வெறும் கம்பி இல்லை, மிக மெல்லிய சுருள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். அடுத்ததை வாங்கிப் பார்த்தார். நாலையும் பார்த்து முடித்தார்.

"நாலும் வலமுறுக்கா இருக்குதே?"

"என்ன மாமா?"

"கம்பி வலப்பக்கமா முறுக்கியிருக்குதும்மா. சோத்தாங்கைப் பக்கத்துக்கு இது சரி. பீச்சாங்கைப் பக்கத்துக்கு இடமுறுக்கு இல்ல கேட்டிருக்கணும்? படிச்ச பொண்ணு, இதக் கேக்காம வந்துட்டியே!"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. வலம்புரி என்றும் இடம்புரி என்றும் சங்கில்கூட இருக்கிறது. செருப்பில் இருக்கிறது. பல்பில் ஏன் இருக்கக்கூடாது?

உள்ளே ஓடிப்போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் கறுப்புக் கண்ணாடியோடு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "பூதக்கண்ணாடி வச்சா பாத்தாரு?" என்றார்.

"ஆமாம், நாலையும்."

அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். "தோ பாரு, பல்புக்கு முறுக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஆனா அப்பா இன்னிக்குத்தான் வண்டியப் பத்தி வாயத் தொறந்திருக்காரு. இல்லன்னு சொல்லிக் கெடுத்துடாதே. எப்டியாவது அவர் கேக்கறத ரெண்டு வாங்கிடு."

"இல்லாததை எப்படி வாங்குறது?"

"நீ படிச்சவ, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஈரத் துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டார்.

மதியம் குழந்தை தூங்கும்போது ஒரு பல்பை எடுத்து முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் பிடித்தேன். மாமாவிடம் பூதக்கண்ணாடியையும் கேட்டு வாங்கியிருந்தேன். கையில் வலமுறுக்காக இருந்தது கண்ணாடியில் இடமுறுக்காகத் தெரிந்தது! இடவல மாற்றம் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. டிரைவர் பக்கக் கண்ணாடியில்தானே பின்னால் பார்க்கிறார். அப்படியென்றால் வலமுறுக்கை இடப்பக்கம் போட்டாலும் அவர் கண்ணுக்கு இடமுறுக்காகத்தான் தெரியும். இதை மாமாவிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். ஆனால் அதே கணக்குப்படி, வலப்பக்கத்து வலமுறுக்கும் இடமுறுக்காகத் தெரியுமே? அப்போது இரண்டு பக்கமும் தப்பாகிவிடாதா? திரும்ப உட்கார்ந்தேன். பல்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் வலமுறுக்குதான். என் படிப்பு அதோடு முடிந்துவிட்டது.

மறுபடி பாய் கடைக்குப் போனேன்.

"பாய், இடமுறுக்கு இருக்குங்களா?"

"முறுக்கா? அது பக்கத்துக் கடைம்மா."

"அந்த முறுக்கு இல்லீங்க. பல்பில. பீச்சாங்கைப் பக்கத்துக்கு."

பாய் என்னைப் பார்த்தார். அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லியிருந்தால் என் கவலை அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கடையில் இல்லை என்ற சொல்லையே யாரும் கேட்டது கிடையாது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அது இப்ப சரியா வர்றதில்லம்மா. அசல் சரக்கு மெட்ராஸ்லேருந்து வெள்ளிக்கிழமை வரும்" என்றார்.

ஆக, அப்படி ஒன்று உண்டு! மாமனார் சொன்னது உண்மை, என் கணவருக்குத்தான் தெரியவில்லை. இத்தனை நாளாக அவர் தவறான முறுக்கோடு பம்பாய் வரை போய் வந்திருக்கிறார்.

"எனக்கு வியாழக்கிழமையே வேணும் பாய். இருக்கிற பல்பையெல்லாம் காட்டுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

முதலில் நான் மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பாயால் இருப்புக்கொள்ளவில்லை. "இங்க குடும்மா" என்று கண்ணாடியை வாங்கி அவரே பார்க்க ஆரம்பித்தார். பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். எல்லாம் வலம். டீசலுக்கு டப்பா வாங்க வந்த ஒரு டிரைவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பாய், பல்புல பேன் பாத்துக்கினு கீறீங்களா?"

"சும்மா இருப்பா. இது இடமுறுக்கு விவகாரம்" என்றார் பாய் தலையைத் தூக்காமல்.

டிரைவர் முகம் மாறியது. "என் வண்டில இன்னா முறுக்கு போட்டுக்கினு இருக்குதுன்னே தெர்லியே" என்று வெளியே ஓடினார்.

கடைசியில் பரண்மேல் இருந்த துருப்பிடித்த தகரப் பெட்டியிலிருந்து பழைய பல்புகள் சில வந்தன. பாய் அதில் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், மூச்சை இழுத்துப் பிடித்தார். என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். சுருள் எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது!

"இடம்!" என்றேன்.

"இடம்தாம்மா! நான் சொல்லல? அசல்!" என்றார் பாய். இரண்டு கிடைத்தன. அவர் முகத்தைப் பார்த்தால், அந்தக் கடையை வைத்ததே இந்த நாளுக்காகத்தான் என்று தோன்றும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இடமுறுக்கு, இடமுறுக்கு என்றுதான் வாய் சொல்லிக்கொண்டு வந்தது.

மாமனார் இரண்டையும் பார்த்துத் தலையை ஆட்டினார். "இதான்" என்றார். பிறகு லாரியை வாங்கிய பிறகு முதல் தடவையாக அதன் அருகில் போனார். கண்ணைத் திறக்க முடியாத மகன் தடவித் தடவி மூடியைக் கழற்ற, அப்பா பல்பை எடுத்துக் கொடுத்தார். வலப்பக்கத்துக்கு வலமுறுக்கு, இடப்பக்கத்துக்கு இடமுறுக்கு. மிச்சமான இரண்டு வலமுறுக்குப் பல்புகளை நான் குழந்தையின் பால் பவுடர் டின்னில், துணிக்கு நடுவில் போட்டு வைத்தேன். எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்குப் பயம்.

"போட்டுப் பாக்கலாமா?" என்றார் என் கணவர்.

"புது விளக்கு. நல்ல நேரம் பாக்காம ஏத்தக் கூடாது" என்றார் மாமனார். அன்று நல்ல நேரம் முடிந்துவிட்டிருந்தது. வியாழக்கிழமை காலையில் எமகண்டம். ஆகவே அந்த விளக்குகளை முதன்முதலாக இன்ஸ்பெக்டர் முன்னால்தான் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை அவருக்குக் கண் பாதி திறந்திருந்தது. அப்படி அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. குழந்தையோடு நான் நடுவில் உட்கார்ந்தேன். குழந்தை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இடப்பக்க ஜன்னலோரம் யார் என்று பார்த்தால், மாமனார் வெள்ளை வேட்டி கட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறார். "முறுக்கு சரியா எரியுதான்னு பாக்கணும்" என்றார்.

ஆனால் நல்ல நேரம் வரும்வரை விளக்கு போடக்கூடாதே. கோயில் முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

"அப்பா, கை காட்டுங்க" என்றார் என் கணவர்.

"எந்தக் கை?"

"அந்தப் பக்கம் இருக்கறது பீச்சாங்கைதானே, அதக் காட்டுங்க."

"கோபுரத்துக்கு நேரா பீச்சாங்கைய நீட்டச் சொல்றியா?" என்று மாமனார் கொதித்துப்போனார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் இருக்கையில் முழங்கால் போட்டு, உடம்பு முழுக்கத் திரும்பி, சோத்தாங்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பஸ்காரன் அவர் தன்னை ஆசீர்வாதம் செய்வதாக நினைத்துக் கும்பிட்டான்.

முசரவாக்கம் போகிற வழியில் ஒரு பொட்டலில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் முறை வந்தபோது எமகண்டம் கழிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் வண்டிக்கு எதிரே வந்து நின்றார்.

"ரைட்."

வலப்பக்க விளக்கு பதமாக மினுக்கி மினுக்கி எரிந்தது. மாமனார் தலையை ஆட்டினார்.

"லெஃப்ட்."

இடப்பக்கம் பளீரென்று ஒரு வெளிச்சம் வந்தது, தீபாவளி மத்தாப்பு மாதிரி. அவ்வளவுதான். மறுபடி எரியவில்லை.

"என்னப்பா இது? ஒரு தடவை கண்ணடிச்சிட்டு நிறுத்திக்கிச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் கணவர் இறங்கிப் போய் பல்பைக் கழற்றினார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பித்தளை அடியைப் பாதிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு என்னிடம் அதை நீட்டினார். பன்னிரண்டு வோல்ட் என்று பொறித்திருந்தது. இருபத்துநாலு, இருபத்தொண்ணு, ஒத்தைப் பாயிண்ட் என்று அத்தனை தடவை ஒப்பித்தவள், முறுக்கைப் பார்த்த மகிழ்ச்சியில் எண்ணைப் பார்க்கவே இல்லை. பம்பாய் லோடுகள் எல்லாம் வரிசையாக முன்னால் வந்து நின்றன. அவர் பல்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரிய வேண்டாம் என்று அர்த்தம்.

அப்போதுதான் பால் பவுடர் டின் ஞாபகம் வந்தது. மிச்சமிருந்த இரண்டையும் எடுத்தேன். இருபத்துநாலுதான். ஆனால் வலமுறுக்கு. நான் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். கணவரிடம் கொடுத்தால் மாமனாரை மதிக்காததாகும். மாமனாரிடம் கொடுத்தால் வேண்டாம் என்பார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாமனாரிடமே நீட்டினேன். "மாமா, இது வலமுறுக்குதான். நீங்க சொன்னா போடலாம்."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். மகனைப் பார்த்தார். எதிரே நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கி, மெல்ல விரிந்தது.

"ஐயா எதிர்ல நின்னுக்கினு இல்ல பாக்கறாரு? நம்ம இடப்பக்கம் அவருக்குச் சோத்தாங்கைப் பக்கம். அப்ப வலமுறுக்குதான் சரி. போடுப்பா."

"அப்போ பின்னாடி, மாமா?" என்று என் பாழும் வாய் கேட்டுவிட்டது.

"பின்னாடி வர்றவன் பூதக்கண்ணாடி வச்சா பாக்கப் போறான்? நீ ஒண்ணு!"

இன்ஸ்பெக்டர் கிட்டே வந்தார். "பெரியவர் என்ன பார்க்கிறார்?"

"பல்பு முறுக்கு பாக்கறாருங்க" என்றார் என் கணவர்.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். மாமனார் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். அவர் பல்பை வெயிலுக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாய் கடையில் நான் பார்த்த அதே முகம்.

"ம்ம். முறுக்கு சரியா இருக்குது" என்றார். "மாட்டுங்க."

முன்னாலும் பின்னாலும் மாட்டியதும் எரிந்தது. நிதானமாக, அழகாக, மினுக்கி மினுக்கி. இன்ஸ்பெக்டர் பின்னாலும் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பும்போது மாமனார் சிக்னல் ஸ்விட்சைக் காட்டச் சொல்லி வழி முழுக்க விசாரித்துக்கொண்டே வந்தார்.

தாமல் வேலை கிடைத்தது. அடுத்த வாரத்திலிருந்து லாரி தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். தெரு முனையில் இடப்பக்கம் திரும்பும்போது மஞ்சள் விளக்கு மினுக்கும். குழந்தையும் இரண்டு கண்ணையும் மூடி மூடித் திறக்கும். ஒரு நாள் அந்த விளக்கை நோக்கிக் கையை நீட்டி, "அப்பா" என்றது. என் கணவர் இறங்கி ஓடி வந்து இரண்டு கையையும் விரித்தார். அது அவர் தோளுக்கு மேலே எட்டி, விளக்கைப் பார்த்து மறுபடி, "அப்பா" என்றது.

"அது பல்பும்மா. அப்பா இதோ" என்று நான் திருத்தப் போனேன்.

"இருக்கட்டும் விடு. அதுவும் தினம் வீட்டுக்கு வருதில்ல" என்றார் அவர்.

அவர் திரும்பப் போய் எஞ்சினோடு விளக்கையும் அணைத்துவிட்டு இறங்கினார். குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அவர் மறுபடி ஏறி ஸ்விட்சைப் போட்டார். அழுகை நின்றது. அணைத்தார், அழுதது. போட்டார், நின்றது. நாலைந்து தடவை ஏறி இறங்கிய பிறகு, விளக்கை எரிய வைக்கிறவர் இவர்தான் என்று குழந்தைக்குப் புரிந்துவிட்டது போல. என் இடுப்பிலிருந்து அப்படியே சாய்ந்து, தானாக, முதல் தடவையாக, அவர் கைக்குத் தாவியது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அந்தச் சின்னக் கையை எடுத்து ஸ்விட்சின்மேல் வைத்தார்.

இடப்பக்கம் எரிந்தது. வலப்பக்கம் எரிந்தது. மறுபடி இடப்பக்கம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாமனார் வாசலுக்கு வந்து, எந்தப் பக்கம் எரிகிறதோ அந்தப் பக்கமாகச் சோத்தாங்கையையே நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் மனசு நிற்கவில்லை. "இப்படியே போட்டுக்கிட்டிருந்தா பேட்டரி இறங்கிடாதா? காலையில வண்டி கிளம்பலன்னா?" என்றேன்.

"கிளம்பலன்னா இன்னா? வீட்லயே இருந்துட்டுப் போறேன்" என்றார் அவர்.